கல் அடைப்பு

மூன்று நாள் மழையில் அந்தத் தங்கச் சுரங்க ஊரே ஊறிப்போய்க் கிடந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே ஓடும் சாக்கடை ரோட்டில் ஏறிவிட்டது. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து கரைந்து வந்த வெள்ளைச் சேறு பஸ் ஸ்டாப்பை மெழுகி வைத்திருந்தது. கோரமண்டல் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மைதானத்தில் மட்டும் ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தேங்கவில்லை. பெய்த மழையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பார் இல்லாமல் தரை வெறும் ஈரமாகக் கிடந்தது.

நகரசபை இன்ஜினியர் ஸ்வப்னாவுக்கு அதில் அத்தனை சந்தோஷம். துமகூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்று, தரையை இரண்டு மிதி மிதித்துக் காட்டி, கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள்.

“நோடி வாணி, ஊரு பூரா தண்ணி. இங்க ஏனும் இல்லா. தும்ப ஒள்ளே ஜாகா. எந்த மழையில பெல் அடிச்சாலும் தீயணைப்பு வண்டி சேத்துல மாட்டாது.”

“கேட்டுக்கினியா நைனா?” என்று வாணி அப்பா சம்பங்கியின் பக்கம் திரும்பினாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. “நல்ல எடம்னு இன்ஜினியரே சொல்றாங்க. இதுக்கோசரம்தானே மூணு வருஷம் அலைஞ்சேன்.”

சம்பங்கி குடையை மாற்றிப் பிடித்தார். வாய் நிறைய வெற்றிலை இருந்தது நல்லதாகப் போயிற்று. தலையை மட்டும் ஆட்டினார். மகளைப் பார்க்க முடியவில்லை. அவள் நின்றுகொண்டிருந்த இடத்தைத்தான் பார்த்தார். அங்கே நிற்காதே, இப்படி வந்துவிடு என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

ஸ்வப்னாவின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய சுரங்க வரைபடத்தின் நகல் இருந்தது. இந்த மைதானத்துக்கு நேர் கீழே நூறடியில் ஒரு நீளமான கட்டம், அதற்குள் நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். கறுப்புக் கோடு போட்டிருந்தால் கல் வைத்து அடைத்தாயிற்று என்று அர்த்தம்.

“பத்தடி குழி தோண்டிப் பாத்தோம், பாறை வந்தது. அதுக்குக் கீழயும் பேக்கிங் ஆகியிருக்கு. சர்வேயர் சைன் இருக்கு பாருங்க சார், நோயல்னு. நீங்க அந்தக் கால ஆளு. தெரிஞ்சிருக்குமே?”

“தெரியும்மா. செத்துட்டாரு” என்றார் சம்பங்கி.

வாணியின் கதையை லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில், அவள் புருஷன் ரவிகுமார் பெங்களூரில் நைட் ஷிப்டு முடித்து வந்து வீட்டில் படுத்துத் தூங்கினான். சிலிண்டர் டியூபில் கசிவு, வீடு பற்றிக்கொண்டது. இவள் கடைக்குப் போயிருந்தாள். ஊருக்கு இருக்கிற ஒரே தீயணைப்பு வண்டி அன்றைக்குப் பூதிகோட்டையில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது என்று அங்கே போயிருந்தது. திரும்பி வந்து சேர ஐம்பது நிமிஷம். வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டே அழுதார்கள். அழுது என்ன செய்ய?

அதற்கப்புறம்தான் வாணி ஆரம்பித்தாள். மாரிகுப்பத்திலிருந்து விடிகாலையில் கிளம்பும் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, தூங்குகிறவர்களை எழுப்பிக் கையெழுத்து வாங்கினாள். நாலாயிரம் கையெழுத்து. ஊருக்கு ஒரு நல்ல தீயணைப்பு நிலையம் வேண்டும், கூடவே ஆம்புலன்ஸ் நிற்க இடமும் வேண்டும் என்று மனு. கட்டடம் இருந்தால் இரண்டு வண்டியும் இரண்டு ஆம்புலன்சும் தருகிறோம் என்றார்கள் மேலே. கட்டடத்துக்குப் பணம் இல்லை, கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றது நகரசபை. ஒன்பது கோடி. பன்னிரண்டு வருஷத்தில் அடைக்க வேண்டும், வீட்டு வரியும் கடை வரியும் ஏறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டிக் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுவதாக ஏற்பாடு. மாதக் கடைசிக்குள் தீர்மானம் போகவில்லையென்றால் கடன் இல்லை. கடன் மனுவில் எழுதியிருப்பது இந்த மைதானம்தான். இடம் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சம்பங்கிக்குத் தெரியும். கூடவே, அந்தக் கறுப்புக் கோடு பொய் என்பதும் தெரியும்.

பூமிக்குள் தங்கம் ஓடுகிற கல்லை வெட்டியெடுத்தால் அந்த இடத்தில் பொந்து விழும். பொந்தை அப்படியே விட்டால் மேல் பாறை உட்காரும். அதனால் வெட்ட வெட்டப் பின்னாலேயே கருங்கல்லைக் கொண்டுவந்து, இடுக்கு விடாமல் சுவர் மாதிரி அடுக்கி அடைத்துக்கொண்டே வர வேண்டும். அதுதான் பேக்கிங். சம்பங்கி அந்த வேலையில் மேஸ்திரி. அவருக்குக் கீழே ஐந்து பேர். அவர் செட் வைத்த கல்லுக்கு நடுவே பீடித் தாள்கூட நுழையாது என்று பேர் வாங்கியவர்கள்.

கம்பெனியை மூடுவதற்கு நாலு வருஷம் முன்னால், ஆழத்தில் போய்த் தோண்டக் கட்டுப்படியாகவில்லை என்று, மேலேயே வெள்ளைக்காரன் மிச்சம் வைத்துப் போனதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. போகிக்கு முந்தின நாள் பகல் ஷிப்டு. கல் ஏற்றிவந்த டிராலி தண்டவாளத்தை விட்டு இறங்கிக் குறுக்கே படுத்துக்கொண்டது. அதை நிமிர்த்திக் கல்லைக் கொண்டுவர இன்னும் ஒரு ஷிப்டு ஆகும். ஆறு பேருக்கும் குடியாத்தம் பக்கம் ஊர். பொங்கலுக்குப் போக பங்காருபேட்டையில் நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். துணிப்பையெல்லாம் மேலே தயாராக இருந்தது.

தைல மரக் கட்டைகள் கிடந்தன. அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். ஈரத்தில் மக்கும் கட்டைதான், ஆனால் சில நாளைக்குத் தாங்கும். பொங்கல் முடிந்து வந்து கட்டையை உருவிவிட்டுக் கல்லை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் சம்பங்கிதான். வெளியே வரும்போது சர்வேயர் நோயல், லெவல் என்கிற அந்தச் சுரங்கத் தளத்தின் வாசலில் நோட்டோடு நின்றார். “பேக்கிங் ஆச்சா சம்பங்கி?” என்று கேட்டார். “ஆச்சு சார்” என்றார் இவர். நோயலுக்குச் சம்பங்கி சொன்னால் போதும். உள்ளே போய்ப் பார்க்காமலே குறித்துக்கொண்டு, “ஹேப்பி பொங்கல்” என்று கைகொடுத்தார்.

பொங்கல் முடிந்து வந்தபோது அந்த லெவலையே நிறுத்திவிட்டிருந்தார்கள். தண்டவாளத்தைக்கூடப் பிடுங்கியாகிவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் செட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் ஏற்றி இறக்கும் கேஜை விட்டு மேலே இறங்கியதும் ஆறு பேரும் நின்று ஆளுக்கு ஒரு பீடி குடிப்பார்கள். பீடியை அணைக்கும்போது கீழே நடந்த பேச்சையும் அணைத்துவிட வேண்டும். கீழே ஒருவன் பயந்து அழுதது, ஒருவன் தப்பாகக் கை வைத்தது, எதையும் மேலே யாரிடமும் சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் ஒருவர் முதுகை ஒருவர் நம்பி இருட்டுக்குள் போனார்கள். சம்பங்கி இருபத்தேழு வருஷம் அதைக் காப்பாற்றினார்.

மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் பெண்டாட்டி தங்கம்மா களி கிளறிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வாணி கூட்டத்து நோட்டீசைக் கொடுக்க நந்திதுர்க் பக்கம் போயிருந்தாள். சம்பங்கி தட்டில் களியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“இன்னாய்யா, எத்தினி நாழி அதையே உருட்டுவ? முழுங்க மாட்டியா?”

“துன்றேன், இரு.”

அப்போது பூமி குலுங்கியது. கீழே எங்கேயோ யாரோ கனமான கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரே ஒரு அடி. ஏர் பிளாஸ்ட். அடியில் பாறை நொறுங்குகிற அதிர்ச்சி. சுரங்கம் ஓடின காலத்தில் வாரத்துக்கு ஒன்று வரும், மூடித் தண்ணீர் ஏறிய பிற்பாடும் நின்றபாடில்லை. வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். இங்கே யார் ஓடுவார்கள்? தங்கம்மா எட்டி, அலமாரியில் ஆடிய சொம்பைப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். சம்பங்கி மட்டும் தட்டை விட்டு எழுந்துவிட்டார்.

“இன்னா ஆச்சு உனுக்கு? ஏர் பிளாஸ்டுக்கு எந்திரிச்ச மொத ஆளு நீதான்யா.”

சம்பங்கி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கட்டுப்பாடு உடைந்தது அப்போதுதான். டிராலி குடைசாய்ந்ததிலிருந்து நோயல் கைகொடுத்தது வரை ஒன்று விடாமல் சொன்னார்.

தங்கம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

“கட்டையா?”

“கட்டைதான்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஆறு பேருக்கு. நாலு பேரு பூட்டானுங்க. நானும் துரையும்தான் மிச்சம்.”

“அப்ப யாருக்கும் தெரியாது. அப்டியே வுடு.”

“இன்னாடி பேசற நீ?”

“பின்ன இன்னா பேசச் சொல்ற? அவ தலைக்கு எண்ண வெச்சிக்கினு நாலு வருஷமாச்சு. அந்த பில்டிங்கு ஒண்ணுக்கோசரம்தான் உசுர கையில புடிச்சிக்கினு கீறா. நீ வாயத் தொறந்தீனா பஜார்காரங்க சொம்மா இருப்பாங்களா? கடன் வாணாம்னு அவுங்க எப்படா சாக்கு கெடைக்கும்னு கீறாங்க. எடமும் போவும், கடனும் போவும். பெத்த அப்பனே கெடுத்தான்னு ஆவும்.”

“அதுல ஷிப்டுக்கு ஏழு புள்ளைங்க படுப்பானுங்க தங்கம். தண்ணியோட ரெண்டு வண்டி. அந்த பாரத்த நெனச்சிப் பாரு.”

“உக்கார்றதா இருந்தா இத்தினி வருஷத்துல உக்காந்திருக்கும்.”

“அங்க பேயற மழைத் தண்ணியெல்லாம் எங்க போவுதுன்னு நெனக்கற?”

தங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உன் பேரு இன்னா ஆவும்னு பாத்தியா? பேக்கிங் சம்பங்கி பொண்டாட்டின்னுதான்யா ரேஷன் கடையில கூட எனக்கு வழி வுடறாங்க” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. களி இரண்டு தட்டிலும் ஆறிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை துரையைப் பார்க்கப் போனார். இரண்டு லைன் தள்ளி வீடு. துரைக்கு நெஞ்சில் கல் தூசி. நாலு வார்த்தை பேசினால் ஒரு இருமல். வேறு வேலைக்கு லாயக்கில்லாததால் மழைக்காலத்தில் குடை ரிப்பேர் செய்வான். வாசலில் சாக்கை விரித்து, சுற்றிலும் உடைந்த குடைகளைப் போட்டுக்கொண்டு, கம்பிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க மேஸ்திரி. உங்க குடையில எதுனா பூட்ச்சா?”

“குடை நல்லாத்தான் கீது. உன்னாண்ட ஒரு பேச்சு.”

துரை நிமிர்ந்து பார்த்தான். அந்த மைதானத்தின் பேரைச் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. அவன் கையிலிருந்த நூல் நின்றுவிட்டது.

“நானும் ரெண்டு மாசமா அதான் நெனச்சிக்கினு கீறேன்” என்றான். “வேற எடம் பாப்பாங்க, வேற எடம் பாப்பாங்கன்னு பாத்தேன்.”

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல நான் சொல்லப் போறேன் துரை. நான் ஒருத்தன் சொன்னா எடுபடாது. நீயும் எந்திரிச்சி ஆமான்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

துரை இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து அவன் மருமகள் லதா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“பீடிய அணைச்சிட்டோமே மேஸ்திரி.”

“செட்டே இல்ல. ஷாப்டு வாயில காங்கிரீட்டு போட்டு மூடிட்டான். இன்னும் இன்னாடா கட்டுப்பாடு?”

“செட்டு இல்லன்னு நீங்க சொல்றீங்க. செத்தானுங்களே நாலு பேரு, அவுங்க பொண்டாட்டி புள்ளைங்க இங்கதான் கீறாங்க. எங்கூட்டுக்காரரு வெச்ச கல்லு இன்னிக்கும் நிக்குதுன்னு பேசிக்கினு கீறாங்க. அதுல போயி கட்டைன்னு சொல்லவா?” நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். “எனக்கு இன்னா கீது மேஸ்திரி? நெஞ்சும் பூட்ச்சு, வேலையும் பூட்ச்சு. நாங்க வெச்ச கல்லு சாயாதுன்ற பேரு ஒண்ணுதான் மிச்சம்.”

“மேல ஏழு பேரு படுப்பானுங்கடா.”

“தெரியுது.”

“தெரிஞ்சா?”

துரை ஒரு குடையை விரித்து வெளிச்சத்தில் ஓட்டை பார்த்தான். குடைக்குப் பின்னால் அவன் முகம் மறைந்துவிட்டது. “கூட்டத்துக்கு வர்றேன்” என்றான் அங்கிருந்தே. சம்பங்கி அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்தார். எடுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, எடுத்துக்கொண்டார்.

வாணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினார். அவள் வேலைக்கு லீவு போட்டு, பேசப்போவதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நைனா, இது சரியா வருதா பாரு” என்று இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இரண்டு தடவையும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பெரிய பெரிய பாறைக்குக் கீழே குனிந்து போன மனுஷன்தான். பெற்ற பெண் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. இடது பக்கம் பஜார்காரர்கள், வலது பக்கம் லைன்காரர்கள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. நனைந்த செருப்பு வாடையும் ஈரத் துணி வாடையும் மூச்சை முட்டின. மேடையில் நகரசபைத் தலைவர், பக்கத்தில் ஸ்வப்னா.

பாத்திரக்கடை ஹரிஷ்குமார் முதலில் பேசினார். மூன்று தலைமுறையாக ராபர்ட்சன்பேட்டை பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம். கத்துகிற ஆள் கிடையாது.

“தீயணைப்பு வேணாம்னு நான் சொல்வேனா? பஜார்ல பத்திக்கிட்டா மொதல்ல எரியறது என் கடை. ஆனா ஒம்போது கோடி கடன். பன்னெண்டு வருஷம். யார் கட்டறது? லைன் வீட்டுக்குப் பத்திரமே கிடையாது, அதனால வரியும் கிடையாது. எல்லாம் கடைக்காரன் தலையிலதான் வரும். இருக்கற ஷெட்டையே நல்லா ரிப்பேர் பண்ணுங்க. கடன் வாங்கிச் சொவர் கட்டறதுக்கு பதிலா வண்டி வாங்குங்க. தீயை அணைக்கறது வண்டிதானே, சொவரா?”

இடது பக்கம் கைதட்டியது. வலது பக்கம் ஒரு கிழவர் எழுந்து, “கம்பெனி இருந்தப்ப ஆஸ்பத்திரி, ஆம்புலன்சு, தீயணைக்கிற ஆளு எல்லாம் சும்மாதானே குடுத்தான்? இப்ப எதுக்குக் கடன்னு எனக்கும் தெரியல” என்றார். “உக்காருங்க மாமா, கம்பெனி செத்து எத்தினி வருஷம் ஆவுது” என்று பின்னாலிருந்து சிரித்தார்கள்.

வாணி மைக்கைப் பிடித்தாள். எழுதிய தாள் கையில் கசங்கியது, ஆனால் அதைப் பார்க்கவில்லை.

“ஹரிஷ் அண்ணா சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கட்டடம் இருந்தாத்தான் வண்டி தருவோம்னு எழுத்துல குடுத்துக்கீறாங்க. நாளைக்கு சர்க்காரு கிராண்ட் வரும், அடுத்த வருஷம் வரும்னு சில பேரு சொல்றீங்க. தீ காத்துக்கினு இருக்குமா? எங்கூட்டுக்காரரு அம்பது நிமிஷம் காத்திருந்தாரு. கதவு தொறக்க வரல. உள்ள இருந்து தட்டிக்கினே இருந்தாராம். பக்கத்து வூட்டுக்காரங்க சொன்னாங்க. மொதல்ல பலமா தட்டினாராம்.” நிறுத்தினாள். “லைன்காரங்க வரி கட்ட மாட்டாங்கன்னீங்க. வூட்டுக்கு மாசம் அம்பது ரூபா நாங்களே வசூல் பண்ணி நகரசபையில கட்டறோம். ரசீது குடுங்க போதும். சரின்றவங்க கை தூக்குங்க.”

வலது பக்கம் பூராவும் கை தூக்கியது. இடது பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு கை. ஹரிஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர், “வேற யாராவது பேசணுமா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார்.

சம்பங்கி எழுந்தார். தங்கம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகர, சட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

மைக் அவர் வரைக்கும் வரவில்லை. சுரங்கத்தில் கத்திப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. சொன்னார். தேதி சொன்னார், லெவல் சொன்னார், டிராலி சாய்ந்ததைச் சொன்னார், நோயலிடம் பொய் சொன்னது நான்தான் என்றார். “அந்த எடத்துல கல்லு இல்ல. கட்டைதான் கீது. அங்க கட்டாதீங்க. வேற எங்கனா கட்டுங்க. நான் பண்ண தப்புக்கு என்னை இன்னா வேணா பண்ணுங்க.”

இடது பக்கமிருந்து, “அப்ப கடனை ரத்து பண்ணுங்க!” என்று ஒரு குரல். அதற்கு நாலு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது. வலது பக்கம் கொதித்து எழுந்துவிட்டது.

“எவ்ளோ வாங்கின சம்பங்கி?”

“பேக்கிங்கு செட்ட கேவலப்படுத்தறியே, உனுக்கு வெக்கமா இல்ல?”

“பொண்ணு நிக்கற மேடையிலயே வந்து கெடுக்கறான் பாரு!”

செத்துப்போன ஒருவனின் பெண்டாட்டி எழுந்து நின்று, “எம் புருஷன் கட்டை வெச்சான்னா சொல்ற?” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வாணி மைக்கோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்வப்னாதான் மேஜையைத் தட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

“ஒந்து நிமிஷா! சம்பங்கி சார், நீங்க சொல்றது சீரியஸ் விஷயம். பிளான்ல பேக்கிங்னு இருக்கு. நீங்க இல்லேங்கறீங்க. உங்களோட அன்னைக்கி இருந்தவங்க வேற யாராவது உண்டா?”

“உண்டும்மா. துரை. தோ, அங்க உக்காந்துக்கினு கீறான்.”

கூடமே திரும்பியது. துரை கடைசி வரிசையில் சுவரோரமாக இருந்தான். எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். இருமல் வந்தது. சம்பங்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுடா, சொல்லிவிடுடா என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

“கல்லுதான்” என்றான் துரை. “நான்தான் தூக்கிக் குடுத்தேன். கல்லுதான் வெச்சோம்.”

பிறகு, யாரும் கேட்காமலே, “மேஸ்திரிக்கு வயசாயிடுச்சு. இப்பல்லாம் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்றாரு. தப்பா எடுத்துக்காதீங்க” என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்வப்னா அதை எழுதிக்கொண்டாள். துரையைக் கூப்பிட்டுக் கையெழுத்தும் வாங்கினாள். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். கடனுக்குச் சம்மதம் என்று கூடத்தில் பெரும்பாலும் கை எழும்பியது. ஹரிஷ்குமார் கையை மடியிலேயே வைத்திருந்தார். லைன்காரர்கள் வாணிக்குச் சால்வை போர்த்தினார்கள்.

கூட்டம் கலையும்போது ஹரிஷ்குமார் சம்பங்கியின் அருகில் வந்து நின்றார்.

“நெஜமாண்ணா?”

“நெஜம்.”

“நான் போய்ச் சொன்னா வரிக்குப் பயந்து சொல்றான்னுவாங்க” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். பாவம், அவர்மேல் என்ன தப்பு. தங்கம்மா யார் முகத்தையும் பார்க்காமல் முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

சம்பங்கி வாசலிலேயே காத்திருந்தார். வாணி கடைசியாக வந்தாள். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். திட்டுவாள், ஓங்கி ஒரு அறை வைத்தாலும் வைப்பாள், வைக்கட்டும் என்றுதான் நின்றார். அவள் குடையை விரித்து, “வா நைனா” என்றாள்.

மழை கனத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே குடையில் ரயில்வே கேட்டைத் தாண்டினார்கள். எதிரே வந்தவர்கள் வாணிக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், சம்பங்கியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“நைனா, எனக்கு மட்டும் சொல்லு. கல்லா, கட்டையா?”

“கட்டைம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. அவள் கூடத்திலேயே நம்பிவிட்டாள் என்பது சம்பங்கிக்கு அப்போது விளங்கியது.

“எங்கிட்ட ஏன் மொதல்லயே சொல்லல?”

“தைரியம் வரல வாணி. உன் மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல.”

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“எத்தினி வருஷம் தாங்கும்?”

சம்பங்கி நின்றுவிட்டார். அவளிடமிருந்து எத்தனையோ கேள்வியை எதிர்பார்த்தார், இதை எதிர்பார்க்கவில்லை.

“அத யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கே உக்காந்தாலும் உக்காரும். நாப்பது வருஷம் நின்னாலும் நிக்கும்.”

“நாப்பது வருஷம் நின்னாலும் நிக்கும்” என்று வாணி திருப்பிச் சொன்னாள். அவளுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“வாணி, வாணாம்மா. ஏழு பேரு ஷிப்டுக்கு. அவுங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க. நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி இன்ஜினியரம்மாவப் பாக்கலாம். நீ சொன்னா அவுங்க கேப்பாங்க. ஆழமா துளை போட்டுப் பாக்கச் சொல்லலாம். நான் கால்ல வேணா வுழறேன்.”

“துளை போட்டா மாசக் கடைசி தாண்டிடும்.” அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “எனக்கு அந்தத் தட்டற சத்தம் கேக்குது நைனா. டெய்லி கேக்குது. ரயில்ல போவும்போது கூட கேக்குது. அந்த வண்டி இங்க வந்து நின்னாத்தான் அது நிக்கும். ஒரு வருஷம் நின்னா கூட போதும்.”

“ஐயோ, அப்டி சொல்லாத.”

“நான் இன்னா சொல்ல? நீ கட்டைன்னு சொன்ன. துரை மாமா கல்லுன்னு சொன்னாரு. மேடம் எழுதிக்கினாங்க, ஊரே கை தூக்கிச்சு.” குரல் தாழ்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே அது கல்லுதான் நைனா.”

சொல்லிவிட்டு, அவர் தோள் நனைகிறதென்று குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.